மகன் தள்ளியதில் இன்னொரு பிள்ளைக்குக் கை ஒடிந்துவிட்டது: ஊர்க்கமிட்டி நீட்டும் தாளில் கையெழுத்து போடலாமா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி, பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஒருநாள் காலையில் அவன் அப்பா வேலை முடிந்து, கறை பிடித்த சட்டையோடு அவனுக்குச் சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனதை, கூடப் படிக்கிற பையன் மொபைலில் எடுத்துப் பாட்டுச் சேர்த்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டான். ஒரு வாரம் ஒரே கேலி. வெள்ளிக்கிழமை மாடிப்படியில் வைத்து என் மகன் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். வலது மணிக்கட்டு எலும்பு ஒடிந்துவிட்டது. பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஊர்க்கமிட்டியில், ஒன்றரை லட்சம் கொடுத்து, கூட்டத்தில் எல்லார் முன்னும் மகன் மன்னிப்புக் கேட்டால் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று தாள் எழுதி வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள், அங்கெல்லாம் இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், கமிட்டி சொல்வதும் அதுதானே என்கிறாள். கையெழுத்துப் போடட்டுமா? கேஸ் ஆனால் அவன் வாழ்க்கை போய்விடாதா?”

சகோதரி, முதலில் ஒன்று. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை, ஆனால் உங்கள் சித்தி மகள் சொல்லும் கூட்டமும் கமிட்டி கூட்டப் போகும் கூட்டமும் ஒன்றல்ல. அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் அந்தக் ‘கேஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிடலாம்.

எலும்பு முறிந்தால் அது சட்டத்தில் கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 117(2)-இன்படி பெரியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. இதை யாரோ உங்களிடம் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் உங்கள் மகனுக்கு 15 வயது. அவனுக்குப் பொருந்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் கணக்கில் இது நடுத்தர வகைக் குற்றம், கொடிய குற்றம் என்ற வகையில் வராது. இப்படிப்பட்டவற்றில், பெரியவர்கள் யாரும் சேர்ந்து செய்யாதபட்சத்தில், எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகளில் 8-வது விதி சொல்கிறது. ஸ்டேஷனில் பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றி ஒரு அறிக்கை எழுதி, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அந்த இருவரில் ஒருவராவது பெண். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, பேச வரும் குழந்தைகள் நல காவல் அலுவலர் சாதாரண உடையில் வர வேண்டும்.

முடிவில் குழுமம் என்ன செய்யும்? 18-வது பிரிவில் வரிசையாக இருக்கிறது: அறிவுரை சொல்லிப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) கொடுத்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பலாம். பிள்ளையைத் தங்கவைக்கும் சிறப்பு இல்லம் என்பது அந்த வரிசையின் கடைசி.

அப்புறம் நம் மாவட்டத்தில் எந்த அம்மாவும் கேட்காமல் விடாத கேள்வி, பாஸ்போர்ட் கிடைக்குமா, வெளிநாடு போக முடியுமா என்பது. 24-வது பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்ட பிள்ளைக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது, பதிவேடுகளையும் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். 74-வது பிரிவு, இரண்டு பிள்ளைகளின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கமிட்டியில் யாராவது இதை ஊர் குரூப்பில் போடப் போகிறேன் என்றால் இந்தப் பிரிவைச் சொல்லித் தடுங்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். புகார் கொடுக்காமல் இருப்பதற்காகப் பணம் என்று எழுதும் ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவு ஏற்காது. நாளைக்கே அவர்கள் ஸ்டேஷனுக்குப் போனால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது, கொடுத்த பணமும் வீடு திரும்பாது. போதாததற்கு ‘என் மகன் வேண்டுமென்றே தள்ளினான்’ என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு வரி வேறு அதில் இருக்கும். காயம்பட்ட பிள்ளையை முதலில் வர்ம வைத்தியசாலையில் கட்டுப்போட்டு, பிறகு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவாகியிருந்தால் தகவல் ஏற்கெனவே போலீசுக்குப் போயிருக்கும். கமிட்டியால் அதை நிறுத்திவைக்க முடியாது. புகார் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை, அதை யாரும் விலை பேசக் கூடாது, நீங்களும்தான்.

சரி, நியூசிலாந்து கதைக்கு வருவோம். அங்கே 1989-இல் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த குறை அதற்குப் பின்னால் இருந்தது: எங்கள் பிள்ளை தப்பு செய்தால் முன்பின் தெரியாத ஆட்கள் அவனை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தீர்ப்புச் சொல்கிறார்கள், எங்கள் வழக்கத்தில் குடும்பமும் கூட்டத்தாரும் உட்கார்ந்தல்லவா பேசுவோம் என்றார்கள். அந்தச் சட்டத்தில் வந்ததுதான் குடும்பக் கூட்டம். தப்பு செய்த பிள்ளை, அவன் சொந்தக்காரர்கள், பாதிக்கப்பட்டவர், போலீஸ், நடத்திவைக்க ஒரு ஒருங்கிணைப்பாளர், எல்லாரும் ஒரே அறையில். பேசி முடித்ததும் அதிகாரிகள் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் தனியாக இருந்து, இதை எப்படிச் சரிசெய்வது என்று தானே ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வர வேண்டும், அதைப் பாதிக்கப்பட்டவரும் மற்றவர்களும் ஏற்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான், தீர்ப்பு மேலிருந்து விழுவதில்லை, பிள்ளையை வளர்த்தவர்கள் வாயிலிருந்து வருகிறது.

தப்பு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேரில் பேச வைக்கிற இந்த முறையின் வேரைத் தேடினால் இன்னும் பின்னே போகலாம். 1974-இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களை அடித்து நொறுக்கினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போய், நஷ்டப்பட்டவர்களை நேரில் பார்க்க வைத்தார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1994-இல் இதே முறையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கெல்லாம் கேட்கிற கேள்விகள் எளிமையானவை. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? இதனால் யார் யாருக்கு என்ன பாதிப்பு? இதைச் சரிசெய்ய என்ன வேண்டும்?

இதை உங்கள் கமிட்டிக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் மகனிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, தலைகுனிந்து நில் என்பார்கள். காயம்பட்ட பையனிடமும் கேட்கப் போவதில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாராவது கேட்டார்களா? பணம் அவன் அப்பாவின் கேள்வி. பத்தாம் வகுப்பில் வலது கையில் கட்டோடு இருக்கிற அந்தப் பிள்ளையின் கேள்வி வேறாக இருக்கும்: நோட்ஸ் யார் எழுதித் தருவார்கள், பரீட்சைக்குள் கை சரியாகுமா, மறுபடியும் அந்த மாடிப்படியில் இவன் வருவானா. ஊர் முன்னால் கூனிக்குறுகி நிற்க வைக்கிற மன்னிப்பு உங்கள் மகனுக்கு இன்னொரு வீடியோ ஆகிவிடும், முதல் வீடியோவே என்ன செய்தது என்று பார்த்தோம்.

ஆகவே சரியான கூட்டம் ஒன்று நடக்கட்டும். பள்ளியிலேயே ஒரு வகுப்பறையில், பள்ளி விட்ட பிறகு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நடத்துபவர் இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவராகவோ வேண்டாதவராகவோ இருக்கக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநரைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இரு தரப்பும் மதிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். வக்கீல் நடத்த வேண்டாம், நான் உட்பட. நாங்கள் வாயைத் திறந்தாலே வாதம் ஆகிவிடும். நடத்துபவர் முதலில் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ப் பேச வேண்டும். காயம்பட்ட பிள்ளை வர மாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும், அவனை யாரும் வற்புறுத்தக் கூடாது. வந்தால், அவன் யாரைத் துணைக்கு வேண்டும் என்கிறானோ அவர் பக்கத்தில் உட்காரட்டும், அம்மாவோ மாமாவோ கூட்டுக்காரனோ. அவன் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

வீடியோவும் அங்கே பேசப்பட வேண்டும். ஆனால் அவன் வீடியோ போட்டான் அதனால் இவன் தள்ளினான், சரிக்குச் சரி என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. கை ஒடிந்தது தனி, கேலி தனி, இரண்டுக்கும் பொறுப்பு ஏற்க ஆள் வேண்டும். குரூப்பில் சிரித்தவர்களில் இரண்டு மூன்று பேராவது வந்து உட்கார வேண்டும். உங்கள் வீட்டுக்காரரும் கட்டாயம் வரட்டும். அதிகாலை இருட்டில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிற மனிதர் அவர். அந்த வீடியோவைப் பார்த்தபோது தனக்கு எப்படி இருந்தது என்பதை அவரே சொன்னால், நான் இங்கே எத்தனை பிரிவுகளை எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

பேசி முடித்ததை எழுதுங்கள். மருத்துவச் செலவு பில்லின்படி இவ்வளவு, இந்தத் தேதிக்குள். கை சரியாகும்வரை நோட்ஸ் எழுதித் தருவது யார். வீடியோ எல்லா போனிலிருந்தும் நீக்கம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கூடிப் பார்ப்பது. இதில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வாசகமோ ‘புகார் கொடுக்க மாட்டோம்’ என்ற வாசகமோ வேண்டாம், யார் எதைச் செய்வார் என்பது மட்டும் போதும். மன்னிப்பை மகன் வாயால் கேட்கட்டும், நீங்கள் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்காமல்.

விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனாலும் இந்த உடன்பாடு வீணாகாது. வழக்கு முறைக்கு வெளியே தீர்க்க முடிந்ததைத் தீர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 3-வது பிரிவே ஒரு கொள்கையாகச் சொல்கிறது. நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வந்து அறிக்கை தயாரிப்பார், அவரிடம் நகல் கொடுங்கள். பெரியவர்கள் வழக்கிலேயே 117(2)-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ள இடம் உண்டு.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தில் கூட்டமே கூடாது, தெரிந்தவர் சொல்லாமல் மறைத்தாலே போக்சோ சட்டத்தில் குற்றம். சாதி பெயரால் நடக்கிற தாக்குதலிலும் இப்படிக் கூட்டம் போட்டுப் பேசக் கூடாது. பக்கத்து மாவட்டத்தில், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு அமைந்து, 2024-இல் அறிக்கை கொடுத்தது. ஒரு தரப்புக்கு வாய் திறக்கவே பயம் என்றால் அந்த அறையில் நடப்பது சமரசம் ஆகாது.

டி.சி. விஷயம். எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 16-வது பிரிவு இருக்கிறது, ஆனால் உங்கள் மகன் பத்தாம் வகுப்பு, அது உதவாது. நம் மாவட்டத்தில் பல பள்ளிகள் சிறுபான்மை நிர்வாகத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதனால் கையில் இருக்கும் வழி ஒன்றுதான்: ‘சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், எழுதாதீர்கள். விசாரணை வைத்து, காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், 14417-க்கும் பேசுங்கள்.

திங்கட்கிழமை மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு வக்கீல் இலவசம், வருமானச் சான்று தேவையில்லை, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு அது. பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும், வீடியோ இன்னும் போனில் இருந்தால் அதன் ஒரு பிரதியும் கொண்டுபோங்கள். போகிற வழியிலோ வருகிற வழியிலோ, முடிந்தால் வீட்டுக்காரரோடு, அந்தப் பையனை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள், ஆனால் போனோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.