இழுத்தால் நீளுமா உலோகக் கண்ணாடி?

கேள்வி: உலோகக் கண்ணாடி அவ்வளவு வலுவானது என்கிறார்கள். அப்புறம் ஏன் இழுத்தால் பட்டென்று முறிகிறது?

வலு வேறு, நீளும் தன்மை வேறு. உருகிய உலோகக் கலவையை, அணுக்கள் படிகமாக அடுக்கப்படும் முன்பே உறையவைத்தால் கிடைப்பதுதான் உலோகக் கண்ணாடி. சாதாரண உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்கில் உள்ள பிசகுகள் நகர்வதால்தான் அது நெளிகிறது. கண்ணாடியில் அடுக்கே கிடையாது. சுமார் 2 சதவீதம் வரை ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும். அதைத் தாண்டினால் சறுக்கல் முழுவதும் 10, 20 நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு பட்டைக்குள் குவிந்துவிடும். சறுக்கிய இடம் இளகிப்போவதால் அடுத்த சறுக்கலும் அங்கேயே நடக்கும். அந்த ஒரு பட்டை குறுக்கே ஓடி முடித்தால் துண்டு இரண்டாகிவிடும்.

கேள்வி: அழுத்திப் பார்த்த சோதனையில் எங்கள் மாதிரித் துண்டு நன்றாக நெளிந்தது. அது போதாதா?

போதாது. அழுத்தும்போது பட்டையின் இரு பக்கமும் ஒன்றோடொன்று நெரிபடுவதால் விரிசல் திறக்க வழியில்லை. குட்டையான மாதிரியாக இருந்தால் சோதனை எந்திரத்தின் தட்டுகளே பட்டையைத் தடுத்துவிடும். இழுவிசைதான் உண்மையைச் சொல்லும்.

கேள்வி: படிகத்தைக் கலந்தால் எப்படி நீள்கிறது? படிகம் பொடியாக இருக்க இருக்க நல்லதுதானே?

பலரும் சறுக்குகிற இடம் இது. சிர்கோனியம், டைட்டானியம் அதிகமுள்ள கலவை உருகி ஆறும்போது மரக்கிளை வடிவில் டென்ட்ரைட் படிகங்கள் முதலில் முளைக்கும். மிச்சத் திரவம் கண்ணாடியாக உறையும். படிகம் கண்ணாடியைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். இழுத்தால் முதலில் விட்டுக்கொடுப்பது படிகம். அதன் ஓரத்தில் தகைவு (உள்ளே தாங்கும் விசை) சேர்ந்து, பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான குட்டிப் பட்டைகள் கிளம்பும். ஒவ்வொன்றும் அடுத்த கிளையில் முட்டி நிற்கும். கண்ணாடி மாறிவிடவில்லை. பட்டைக்கு ஓடத்தான் இடமில்லை.

ஆனால் கிளை ரொம்ப நுண்ணியதாக இருந்தால் பட்டை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். 2008-இல் அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) குழு செய்தது இதற்கு நேர்மாறு. கலவையைப் பாதி உருகிய நிலையில் வைத்திருந்து படிகங்களைப் பருக்க விட்டார்கள். அறை வெப்பநிலையிலேயே 10 சதவீதத்துக்கு மேல் நீண்டது. பட்டை விரிசலாக மாறத் தேவையான நீளத்தைவிடக் கிளைகளின் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

கேள்வி: எங்கள் மாதிரித் துண்டு நீள்கிறது, ஆனால் சீக்கிரமே ஓரிடத்தில் கழுத்து மாதிரி ஒடுங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

டென்ட்ரைட் வகையின் பழைய வியாதி இது. இழுக்க இழுக்கக் கண்ணாடி இளகுகிறது. படிகம் இறுகினாலும் அதை ஈடுகட்டுவதில்லை. என் தேர்வு செம்பு-சிர்கோனியம் வகை. அதிலுள்ள, பி2 எனப்படும் கனசதுர அடுக்குள்ள படிகம், இழுவிசையில் மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்கமைப்பாக உருமாறும். எங்கே அதிகம் நீள்கிறதோ அந்த இடமே இறுகும். அதனால் கழுத்து விழுவது தள்ளிப்போகும். சரி, தொல்லை இல்லையா? உண்டு. பி2 உருண்டைகள் ஓரிடத்தில் கூட்டமாகவும் இன்னோர் இடத்தில் இல்லாமலும் வார்ப்பில் உறையும். குளிரும் வேகம் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த மாதிரி வேறு கதை சொல்லும்.

கேள்வி: முறிந்த முகத்தில் எதைப் பார்ப்பது?

மின்னணு நுண்ணோக்கியில் இலை நரம்பு மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அங்கே கண்ணாடி இளகிப் பிரிந்திருக்கிறது. முகம் முழுக்க அதுவே என்றால் படிகம் வேலை செய்யவில்லை. பக்கவாட்டையும் மெருகேற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். நெருக்கமான படிக்கட்டுக் கோடுகள் கிளைக்குக் கிளை நின்று நின்று போனால், கலவை சரியாக வந்திருக்கிறது.