சுபாவமும் மருத்துவப் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. ரவுண்ட்ஸில் எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்கப்பட்டால் எனக்குத் தெரிந்த பதிலும் வாயில் வருவதில்லை; அன்றிரவு முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். வார்டில் ஒரு முதியவர் இறந்தபோது எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் அழுதேன். உணர்வு நுண்ணறிவு குறைந்தவர்கள் இத்துறையில் நிலைக்க மாட்டார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். என் சுபாவமே இப்படிப்புக்கு ஒவ்வாததா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

அப்படி நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் தெரிவது, மிகுந்த பொறுப்புணர்ச்சியும் எளிதில் கவலைப்படும் இயல்பும் ஒருங்கே அமைந்த மனம். நார்வே நாட்டு மருத்துவ மாணவர்களை ஆறாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்விரண்டும் மிகுந்து, கலகலப்பு குறைந்தவர்களே படிப்பின் அழுத்தத்தால் அதிகம் வாடுகிறார்கள் என்று கண்டது. நீட் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் உங்களை உட்கார வைத்த அதே பொறுப்புணர்ச்சிதான் இன்று இரவில் உறங்கவிடாமல் செய்கிறது என்பதை எண்ணிப்பாருங்கள். மருத்துவக் கல்லூரிகள் எந்தக் குணத்தைத் தேடித் தேர்ந்தெடுக்கின்றனவோ, அந்தக் குணம் உடையவர்களையே பிறகு பலவீனர்கள் என்கின்றன.

உணர்வு நுண்ணறிவு குறித்து அந்த வகுப்பில் சொல்லப்பட்டதை நான் ஏற்கவில்லை. 1990இல் சாலோவே, மேயர் என்னும் உளவியலாளர்கள் அதை, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, வேறுபடுத்தி அறிந்து, சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளும் திறன் என்று வரையறுத்தார்கள். அழாமல் இருப்பது அந்த வரையறையில் எங்கும் இல்லை. சுபாவம் எளிதில் மாறாது. இந்தத் திறனோ பழகினால் வளரக்கூடியது. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், மாணவர்களின் பரிவு குறையத் தொடங்குவது, அங்கே நோயாளிகளிடையே முழுநேரமாகப் பயிலும் மூன்றாம் ஆண்டில்தான் என்று தெரிந்தது. உங்களிடம் அது இன்னும் குறையவில்லை. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் பயிற்சி வகுப்பு மட்டும் எதையும் தீர்த்துவிடாது. 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 விழுக்காட்டினர் மட்டுமே. மருத்துவமனையிலேயே வாழ்பவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்குவதன் காரணம் நம் கல்லூரிகளில் வெளிப்படையானது: மனநலத்துறையில் தன்னைப் பார்க்கப்போகும் மருத்துவரே நாளை வகுப்பெடுப்பவராக, மதிப்பெண் இடுபவராக இருக்கிறார். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்திற்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை நடைமுறைப்படுத்தாமல் மாணவரின் மன உறுதியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

உறக்கமின்மையும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வேறொரு மருத்துவமனைக்குச் செல்லலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை விவரங்கள் இரகசியமாக இருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அளிக்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு; கல்லூரி நிர்வாகம் அவற்றில் ஒன்றல்ல.