சாமைக் காட்டில் கிலுகிலுப்பை: மருந்தை விடுங்கள், களத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, சித்தேரி மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் சாமை, ஊடே துவரை. போன வருசம் கடையில் வாங்கிய பசுந்தாள் உரக் கலவை விதையை அந்தக் காட்டில் போட்டு உழுதேன். இப்போது சாமை கதிர் தள்ளும் நேரத்தில் காடெங்கும் கிலுகிலுப்பைச் செடி மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. கடையில் டூ-ஃபோர்-டி களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? பிடுங்கி மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். அந்த மருந்துக்குக் கிலுகிலுப்பையும் துவரையும் ஒன்றுதான், இரண்டும் கருகும். கதிர் வரும் பருவத்தில் அடித்தால் சாமையும் பதராகும். காட்டில் துவரை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் கல்லாவில் உட்கார்ந்தபடி மருந்து எடுத்துக் கொடுப்பவர் பேச்சை நம்பாதீர்கள். மாட்டுக்கும் வேண்டாம். இந்தச் செடியின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், விதையில்தான் அதிகம். ஆடு ஓரளவு தாங்கும். மாடு, கோழி தாங்காது. தின்று பல வாரம் கழித்துத்தான் மாடு மெலியும், அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்த விதை சாமையோடு உங்கள் உலைக்குப் போனால்? 1970-களில், அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில் கிலுகிலுப்பை இன விதை கலந்த தானியத்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் நாளம் அடைத்து வயிறு வீங்கியது. பலர் இறந்தார்கள். அவர்கள் கோண்ட்லி என்று சொல்லும் அந்தத் தானியம் நம் சாமைதான். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

ஆகவே காய் பச்சையாக இருக்கும்போதே கையால் பிடுங்குங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் தூரோடு பிடித்து இழுத்தால் ஆணிவேர் முடிச்சுகளோடு வந்துவிடும். ஆட்டினால் கலகலக்கும் காய் இருந்தால் முதலில் அதைச் சாக்குக்குள் கிள்ளிப் போட்டு, பிறகு செடியைப் பிடுங்குங்கள். காய்ந்த காய் வெடித்துச் சிதறினால் வருசக்கணக்கில் முளைக்கும். அந்தக் காயை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

சல்லடை பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். கிலுகிலுப்பையில் பெரிய சாதியின் விதை மேலே நிற்கும். சின்ன சாதியின் விதை சாமையோடு கீழே இறங்கிவிடும்.

இந்த வினை அந்தக் கலவைப் பையில் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: விதையைக் காட்டிலிருந்து எடுங்கள், கடையிலிருந்து அல்ல. கலவை என்று பெயர் வைத்தால் பழைய விதை, களை விதை, கூட்டிப் பெருக்கியது எல்லாம் அதில் போய்விடும். பசுந்தாளுக்குத் தனிச் சணப்பை போதும். ஒரு மூலையில் பத்துச் சால் விட்டு நீங்களே விதை எடுங்கள், மீதியை 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுங்கள். அடுத்த வருசச் சாமை விதைக்கும் இப்போதே நடந்து பார்த்து, கிலுகிலுப்பை ஒன்றுகூட இல்லாத பத்தியில் கதிரைத் தனியாக அறுத்துக் கட்டுங்கள். மூட்டையில் இருந்து அள்ளியதை விதை என்று சொல்லாதீர்கள்.

களத்தில் புடைத்த கழிவைக் கோழிக்கு வீசும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த வருசம் அதைக் கூட்டி அள்ளி எரித்துவிடுங்கள்.