வெள்ளிச் சப்பாத்து எங்கே விழுந்தது?

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் தரம் 6 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன தவணை ‘ஓஸ் மாயாவி’ கதையை நாளுக்கு ஒரு அத்தியாயமாக வகுப்பில் வாசித்து முடித்தோம். “அதுக்குப் பிறகு என்ன நடந்தது ரீச்சர்?” என்று விடாமல் கேட்கிறார்கள். நானே ஒரு தொடர்ச்சியை எழுதத் தொடங்கினேன். டொரதியின் சிவப்புச் சப்பாத்து காலிமுகத்திடலில் கரையொதுங்குகிறது. கொழும்புப் பிள்ளை ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு ஓஸுக்குப் போகிறாள். அங்கே பச்சைத்தோல் சூனியக்காரியின் தங்கை காத்திருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தோடு கதை படுத்துவிட்டது. இன்னொருவர் கட்டிய உலகத்தில் இப்படி நுழையலாமா, யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பையன் நார்னியாவுக்கும் எழுதச் சொல்கிறான்.

ஒரு வாசகி, கொழும்பு 6

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அனுமதிப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஓஸ் கதைகளை எழுதிய எல். ஃபிராங்க் பாம் இறந்தது 1919இல். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 70 ஆண்டும் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே அவருடைய 14 ஓஸ் நூல்களுக்கும் இங்கே 1989உடன் காலம் முடிந்தது. முதல் நூலுக்குப் படம் வரைந்த டென்ஸ்லோ 1915இலும், மற்ற 13க்கும் வரைந்த நீல் 1943இலும் போனவர்கள். அந்தப் படங்களையும் எடுத்துப் போடலாம்.

ஆனால் ‘ஓஸ் நூல்’ என்று சொல்லப்படுவதெல்லாம் பாம் எழுதியதல்ல. அவருக்குப் பிறகு பதிப்பகத்தார் ரூத் பிளம்லி தொம்சனைப் பிடித்தார்கள். 1921 முதல் 1939 வரை ஆண்டுக்கு ஒன்றாக 19 நூல் எழுதினார். அதில் முதலாவது பாமின் பெயரிலேயே வெளிவந்தது. தொம்சன் இறந்தது 1976. நமது சட்டப்படி கணக்குப் போட்டால் 2046 முடியும்வரை அவர் படைத்த பாத்திரங்களைத் தொடக்கூடாது. இணையப் பட்டியல்களில் இரண்டு பேருடையதும் கலந்து கிடக்கும். பாமின் 14இல் இல்லாத பெயர் எதையும் எடுக்காதீர்கள். நீங்கள் வகுப்பில் வாசித்த தமிழ் மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. கதை பொது, மொழிபெயர்ப்பாளரின் வசனங்கள் பொதுவல்ல.

உங்கள் கதையில் உண்மையான சட்டச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்புச் சப்பாத்து, பச்சைத்தோல், சூனியக்காரிகள் உடன்பிறப்புகள் என்ற உறவு, இந்த மூன்றுமே 1939இன் திரைப்படத்திலிருந்து வந்தவை. நூலில் சப்பாத்து வெள்ளி. வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பாக்கினார்கள். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு 95 ஆண்டுக் காப்புரிமை, 2034 முடியும்வரை. 1985இல் டிஸ்னி தன் ஓஸ் படத்தில் சிவப்புச் சப்பாத்தைக் காட்டுவதற்கே பணம் கட்ட வேண்டி வந்தது. நூலின் மேற்குச் சூனியக்காரி, சொல்லப்போனால், இன்னும் நல்ல ஆள்: தொலைநோக்கி போல் பார்க்கும் ஒற்றைக் கண், கையில் குடை, இருட்டுக்கும் தண்ணீருக்கும் பயம். நாய் கடித்தபோது இரத்தம் வரவில்லை. அது எப்போதோ வற்றிவிட்டது. தரம் 6 பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நார்னியா கேட்ட பையனுக்கு: நார்னியாவை எழுதிய சி. எஸ். லூயிஸ் இறந்தது 1963இல். இந்தியாவில் 60 ஆண்டுதான், அங்கே 2023உடன் முடிந்தது. இங்கே 70, ஆகவே 2033 முடிய வேண்டும். சென்னையில் அச்சடித்துக் கொண்டுவந்தாலும் கொழும்பில் விற்கும்போது நமது கணக்குத்தான். இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் ஸ்பஃபர்ட் ஒரு முழு நார்னியா நாவலே எழுதி, 75 பிரதி மட்டும் அடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார், விற்கவில்லை. பையன் கொப்பியில் எழுதட்டும்.

நுழையலாமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கல்கியின் பொன்னியின் செல்வனுக்கே விக்கிரமன் தொடர்ச்சி எழுதினார், நாம் வாசித்தோம். பாமின் பெயரை அட்டையில் உங்கள் பெயருக்குமேல் போடாமல் இருந்தால் போதும்.

கதை ஏன் படுத்தது என்பதற்கு வருகிறேன். அந்தச் சப்பாத்துக்கு மூன்றே அடியில் நினைத்த இடம் சேர்க்கும் வல்லமை. குதிகாலை மூன்று தடவை தட்டினால் முடிந்தது. உங்கள் பிள்ளைக்கு எந்த ஆபத்து வந்தாலும் அவள் வெள்ளவத்தைக்கு வந்துவிடலாம். பிறகு எப்படி நாலாம் அத்தியாயம் நகரும்? பாமுக்கும் இதே பிரச்சினை இருந்தது. சப்பாத்தை இரண்டாம் அத்தியாயத்திலேயே டொரதிக்குக் கொடுத்துவிட்டு, அதன் இரகசியத்தை 23ஆம் அத்தியாயம்வரை அவளிடமிருந்து மறைத்தார். உங்களால் அதைச் செய்ய முடியாது. வகுப்பில் எல்லோருக்கும் இரகசியம் தெரியும்.

பழைய தொடருக்குத் தொடர்ச்சி எழுதுபவர் முதலில் கதை யோசிப்பது பிழை. முதலில் ஒரு 120 பக்கக் கொப்பி. மூல நூலை இன்னொரு தடவை வாசித்து, 24 அத்தியாயத்துக்கும் பக்கம் பிரித்து, மூன்று பத்தி போடுங்கள்: என்ன விதி சொல்லப்பட்டது, எந்தக் கதவு மூடப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது. இரண்டாவது பத்தியில் இவை கட்டாயம் வரும்: பறக்கும் குரங்குகளை ஏவும் பொன் தொப்பி ஒருவருக்கு மூன்று ஆசை மட்டுமே தரும், நல்ல சூனியக்காரி கிளிண்டா தன் மூன்றையும் செலவழித்துத் தொப்பியைக் குரங்குகளிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள், ஆகவே குரங்குகளை இனி யாரும் கூப்பிட முடியாது, மாயாவி பலூனில் போய்விட்டார். இதில் ஒன்றை நீங்கள் மறந்தாலும் வகுப்பில் யாராவது கை தூக்குவார்கள்.

பாமே தன் விதிகளை மீறியிருக்கிறார். முதல் நூலில் மரகத நகரம் பச்சையாகத் தெரிவது பச்சைக் கண்ணாடி போட்டிருப்பதால்; பின்னர் நகரமே பச்சை. முதல் நூலில் பிள்ளைகள் பச்சைக் காசு கொடுத்துப் பச்சை எலுமிச்சைத் தண்ணீர் வாங்குகிறார்கள். 1909இன் நூலில் ஓஸில் பணமே கிடையாது. 1910இல் தொடரை முடித்துவிட நினைத்து ஓஸையே வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாமல் செய்தார். 1913இல் கம்பியில்லாத் தந்தி மூலம் சேதி கிடைத்ததாகச் சொல்லித் திரும்பத் தொடங்கினார். இவற்றைச் சரிசெய்ய ஒரு வசனமும் செலவழிக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் வாசித்தது முதல் நூல், அதன் பக்கம் நில்லுங்கள்.

காலமும் அதற்கேற்ப. முதல் நூல் முடியும்போது மரகத நகரத்தை ஆள்வது டொரதியின் வைக்கோல் நண்பன் வெருளி. 1904இன் இரண்டாம் நூலில் அவரை இறக்கிவிடுகிறார்கள், பிறகு ஓஸின் உரிமை இளவரசி ஓஸ்மா வருகிறாள். ஓஸ்மா ஆட்சியில் எங்கு நடப்பதையும் காட்டும் மாயப்படம், எதையும் செய்யும் மாய இடுப்புப்பட்டி என்று ஆபத்தைக் கெடுக்கும் சாமான்கள் குவிந்துவிடும். 1917இன் நூலில் பாமே முதல் வேலையாக ஓஸ்மாவையும் அந்தப் படத்தையும் களவு கொடுக்கிறார், இல்லாவிட்டால் அவராலும் கதை எழுத முடியவில்லை. வெருளியின் ஆட்சிக்காலம் குறுகியது, ஆனால் காலி இடம். அங்கே இருங்கள்.

கடல்வழி பற்றிப் பயம் வேண்டாம். மூலத்தில் சப்பாத்து கழன்று விழுந்தது ஓஸைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், கடலில் அல்ல. ஆனால் 1907இன் நூலில் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருந்த டொரதி புயலில் கோழிக்கூட்டோடு அடித்துச் செல்லப்பட்டு, அந்தப் பாலைவனத்தின் மறுகரையிலுள்ள ஏவ் நாட்டில் ஒதுங்குகிறாள். நம் கடலுக்கும் அந்தக் கரைக்கும் வழி இருக்கிறதென்று பாமே எழுதிவிட்டார். பாலைவனத்திலிருந்து ஏவ் கரைக்கு ஒரு பறவை தூக்கிப்போனால் மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும்.

மொழியில் ஒரு சங்கடம் வரும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் அரசனாகிவிட்ட வெருளியை அவள் ‘நீ’ என்பாளா, ‘நீங்கள்’ என்பாளா? கொழும்புப் பிள்ளை என்றால் இரண்டாம் நாளே “வெருளி அண்ணா” என்றுவிடும், அதுவே சரி. இந்தியப் பதிப்பின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’யை விட்டுவிடுங்கள். நமக்கு ‘வெருளி’ இருக்கும்போது, ஓடிக்கொண்டே கத்திக் கூப்பிட அவ்வளவு நீளப் பெயர் எதற்கு? அவளுடைய பேச்சு வீட்டுத் தமிழாக இருக்கட்டும். ஓஸ்காரர் எல்லோரையும் யாழ்ப்பாணத் தமிழ் பேசவைத்தால் எது வெளியூர் என்பதே தெரியாமல் போகும்.

அளவு: அத்தியாயத்துக்கு 1,000 சொல், 18 அத்தியாயம். சத்தமாக வாசிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பாடவேளையில் கேள்விக்கும் நேரம் மிஞ்சும். பின்னர் அச்சுக்குப் போவதானால் பக்கம் 16இன் மடங்காக வரவேண்டும். 112 அல்லது 128 நல்லது. 130 ஆகிவிட்டால் 14 வெற்றுப் பக்கத்துக்கும் கடதாசிக் காசு கொடுப்பீர்கள். ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலகத்தில் அச்சுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மூன்றாம் அத்தியாயம். மூலத்தின் 12ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். சூனியக்காரி டொரதியைத் தடுக்கி விழுத்தி ஒரு சப்பாத்தை மட்டும் பறிக்கிறாள். ஒன்று கையில் இருக்கும்வரை மந்திரத்தின் பாதிப் பலம் அவளுடையது என்று பாம் எழுதுகிறார். பாதிப் பலம் என்றால் என்ன செய்யும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே காலிமுகத்திடலில் ஒதுங்குவது ஒற்றைச் சப்பாத்தாக இருக்கட்டும். போகும், திரும்பி வராது. மற்றது பாலைவன மணலில் கிடக்கிறது. எந்தக் காலுக்குரியது என்பதையும் முதல் அத்தியாயத்திலேயே எழுதிக் கொப்பியில் குறித்துவையுங்கள். பதினோராம் அத்தியாயம் வரும்போது இடது வலதாக மாறியிருக்கும், பின்வாங்கிலில் இருக்கும் பிள்ளைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.