ராத்திரியில அரிப்பு, கிராமத்துல இருந்து வந்த பூச்சியா?

கேள்வி: டாக்டர், எங்க பையனுக்கு 6 வயசு. நாங்க சிட்டில அபார்ட்மென்ட்ல இருக்கோம். லீவுக்கு என் மாமியார் ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வந்தோம், அங்க செருப்பு போடாம மண்ணுலயே விளையாடினான். திரும்பி வந்து பத்து நாள் ஆகுது, இப்போ ராத்திரியில பின்பக்கம் அரிக்குதுன்னு அழறான், தூக்கத்துல பல்லைக் கடிக்கிறான். கிராமத்து மண்ணுல இருந்துதான் பூச்சி வந்துச்சுன்னு நான் சொல்றேன், ஸ்வீட் அதிகம் சாப்பிடறதாலன்னு மாமியார் சொல்றாங்க. இனிமே அவனை ஊருக்கு அனுப்பாம இருக்கலாமா? வீட்ல எல்லாரும் மாத்திரை போடணுமா? நான் இப்போ ரெண்டு மாச கர்ப்பம்.

பதில்: வணக்கம்மா. முதல்ல அந்த ஊர் மண்ணு மேல இருக்கற பழியை எடுத்துடலாம். நீங்க சொல்ற ராத்திரி அரிப்பு கிட்டத்தட்ட கீரிப்பூச்சிதான், நூல்புழுன்னும் சொல்வாங்க. இதுக்கு மண்ணே தேவையில்லை. முட்டை வயித்துக்குள்ள போனதுல இருந்து புழு வளர்ந்து மறுபடி முட்டை போட வெளிய வர்றதுக்கு சுமார் ஒரு மாசம் ஆகும், நீங்க ஊருக்குக் கிளம்பின நாள்ல இருந்து கணக்கு போட்டாலும் மூணு வாரம்கூட முழுசா ஆகல. அதனால பெரும்பாலும் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ஸ்கூல்லயோ கூட விளையாடற பசங்ககிட்ட இருந்தோ தொத்தியிருக்கும். அங்க அவன் கூடவே படுத்துத் தூங்கின தாத்தா பாட்டி, மத்த பசங்க யாருக்காவது அரிப்பு இருக்கான்னு நீங்கதான் போன் பண்ணி கேக்கணும், ஏன்னா இங்கேருந்து அங்க போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

ஸ்வீட் சாப்பிட்டா புழு உண்டாகாதும்மா, முட்டையோ லார்வாவோ (முட்டையில இருந்து வர்ற குட்டிப் புழு) உடம்புக்குள்ள போனாத்தான் புழு. பல்லு கடிக்கறதை வச்சும் எதுவும் முடிவு பண்ண முடியாது, புழுவே இல்லாத எத்தனையோ குழந்தைங்க பல்லு கடிக்குதுங்க. ஆனா பூச்சிதான்னு உங்க மாமியாரும் கரெக்டா சொல்லிட்டாங்க.

உறுதி பண்றது ரொம்ப சுலபம். பையன் தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சு ஆசனவாய் பக்கம் பாருங்க, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளியறது தெரிஞ்சா அதுதான். தெரியலன்னா காலையில எழுந்ததும், பாத்ரூம் போறதுக்கும் கழுவறதுக்கும் முன்னாடி, கண்ணாடி மாதிரி இருக்கற ஒட்டுற டேப்பை அந்த இடத்துல அழுத்தி எடுத்து லேப்ல குடுத்த கண்ணாடித் துண்டுல ஒட்டிக் குடுங்க, தொடர்ந்து மூணு நாள் காலையில எடுத்தா தப்பிக்காது. வெறும் மோஷன் டெஸ்ட்ல இந்தப் பூச்சி பெரும்பாலும் தெரியாது, ஏன்னா பெண்புழு முட்டையைக் குடலுக்குள்ள போடறதில்ல, ராத்திரி வெளிய வந்து தோல் மேல ஆயிரக்கணக்குல போட்டுட்டு போகும், அரிப்பே அதனாலதான். குழந்தை சொறியும், நகத்துக்குள்ள முட்டை போகும், அதே கை வாய்க்குப் போகும், பெட்ஷீட், பொம்மை, ஸ்கூல் பென்ச்னு எல்லா இடத்துலயும் ஒட்டும். நாலஞ்சு மணி நேரத்துலயே அந்த முட்டை அடுத்தவங்களுக்குத் தொத்தற நிலைக்கு வந்துடும், ரெண்டு மூணு வாரம் வரைக்கும் வெளிய தாக்குப்பிடிக்கும். அதனாலதான் இது அழுக்கு வீட்டு நோய் இல்ல, எவ்வளவு சுத்தமான வீட்லயும் வரும், குழந்தைங்க நெருக்கமா இருக்கற சிட்டில இன்னும் சுலபமா வரும். இதுக்காக நீங்க வெட்கப்பட எதுவுமே இல்லம்மா.

மாத்திரை விஷயத்துக்கு வரேன். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே டோஸ், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டோஸ், உங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு குடுங்க. ரெண்டாவது டோஸை நிறைய பேர் விட்டுடறாங்க, அங்கதான் பிரச்சனை, மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை முழுசா அழிக்கும்னு நம்ப முடியாது, நடுவுல அந்த முட்டை வயித்துக்குள்ள போய் பொரிச்சு வர்ற புதுப் புழுவைப் பிடிக்கத்தான் ரெண்டாவது டோஸ். அரிப்பு இருக்கோ இல்லையோ வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல போடணும், உங்களைத் தவிர. நீங்க மட்டும் போடாதீங்க. முதல் மூணு மாசத்துல அல்பெண்டசோல் வேண்டாம், கீரிப்பூச்சி வயித்துல இருக்கற உங்க குழந்தைக்கு ஆபத்து எதுவும் பண்ணப்போறதில்ல, பொறுமையா அப்புறம் உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் பையனுக்குத் தினமும் காலையில எழுந்த உடனே குளியல், ஜட்டி மாத்தணும், நகம் ஒட்ட வெட்டணும், பெட்ஷீட்டை உதறாம அப்படியே சுருட்டி எடுத்து சுடுதண்ணில துவைக்கணும், உதறினா முட்டை காத்துல பறக்கும், அந்த வேலையை நீங்க செய்யாம வீட்டுக்காரரை செய்யச் சொல்லுங்க. சானிடைசரை நம்பாதீங்க, புழு முட்டை அதுக்கெல்லாம் சாகாது, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவினா முட்டை கையை விட்டுப் போயிடும், அவ்வளவுதான் வேணும்.

இப்போ கிராமமா சிட்டியாங்கற கேள்வி. மண்ணு மூலமா வர்ற புழுக்களோட ஆபத்து நிஜம்தான், உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி உலகத்துல சுமார் 150 கோடி பேருக்கு இது இருக்கு, பெரும்பாலும் வெயிலும் ஈரமும் சேர்ந்த வெப்பமண்டல நாடுகள்ல. கொக்கிப்புழுவோட லார்வா ஈரமான, நிழலான, பொலபொலன்னு இருக்கற மண்ணுல இருந்துட்டு வெறும் காலைத் துளைச்சு உள்ள போகும், நுரையீரல் வழியா ஏறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோட முழுங்கி கடைசில குடல்ல போய் ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும், அதனாலதான் ரத்தசோகை. ஆனா அந்த லார்வா மண்ணுல தானா முளைக்கல, யாரோ ஒருத்தரோட மலத்துல இருந்துதான் வந்துச்சு. அதனால நீங்க பாக்க வேண்டியது அந்த மண்ணுல மலம் கலக்குதா இல்லையாங்கறதைத்தான். எல்லாரும் டாய்லெட் யூஸ் பண்ற கிராமத்துல மண்ணுல விளையாடறது பெரிய ரிஸ்க் இல்ல, அதே நேரம் சாக்கடை பொங்கி வாசலுக்கு வர்ற சிட்டி ஏரியால உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் தாராளமா பரவும், அதுங்க முட்டைக்கு ரெண்டு மூணு வாரம் கிடக்க ஈரமான ஒரு மூலை கிடைச்சா போதும்.

சிட்டில இருக்கறவங்க நினைச்சே பாக்காத இன்னொண்ணு தண்ணி. விட்டு விட்டு வர்ற குழாய்ல, தண்ணி நின்ன நேரத்துல அழுத்தம் குறைஞ்சு, பக்கத்துல ஓடற கழிவுநீர் விரிசல் வழியா உள்ள இழுக்கப்படும். அதுல ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிங்க இருக்கலாம். கிரிப்டோவுக்குக் குளோரின் எல்லாம் ஒரு பொருட்டே இல்ல, 1993-ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல சுத்திகரிச்ச குழாய் தண்ணி மூலமாவே சுமார் 4 லட்சம் பேருக்கு வயித்துப்போக்கு வந்துச்சு. அதனால குடிக்கிற தண்ணியைத் தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க வச்சு ஆறவிடுங்க, ரெண்டுமே செத்துடும். வாரக்கணக்குல வயித்துப்போக்கு, எண்ணெய் மாதிரி மிதக்கற மலம், நாத்தம் பிடிச்ச ஏப்பம்னு வந்தா ஜியார்டியாவை சந்தேகப்படணும், அதுக்குப் பூச்சி மாத்திரை ஒரு டோஸ் போட்டா போகாது, மருந்தே வேற.

பையனை ஊருக்கு அனுப்புங்கம்மா, தாத்தா பாட்டி கூட இருக்கற அந்த நாட்களை ஒரு பூச்சிக்காக நிறுத்த வேண்டாம். காலுக்குச் செருப்பு, சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு, கொதிக்க வச்ச தண்ணி, இந்த மூணு இருந்தா போதும். போன தடவை விளையாடினதுல மண்ணுப் புழு ஏதாவது தொத்தியிருக்குமோன்னு இப்போ ஓடிப்போய் டெஸ்ட் எடுக்காதீங்க, இப்போ எடுத்தா நார்மல்னுதான் வரும், ஏன்னா கொக்கிப்புழு முட்டை போடவே 5-ல இருந்து 9 வாரம், உருளைப்புழுவுக்கு ரெண்டு மூணு மாசம். பையன் வெளிறிப்போறான், சீக்கிரம் களைச்சுப்போறான், எடை ஏறலன்னு தோணினா மூணு மாசம் கழிச்சு ஒரு மோஷன் டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் பாருங்க. வயிறு உப்பி வாந்தி எடுத்துட்டு மோஷன் போகவே இல்லன்னாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ அது வீட்ல மாத்திரை குடுத்துப் பாக்கற விஷயம் இல்ல, ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.