உறுமலும் இன்குரலும்

கேள்வி: டெத் மெட்டல் எனும் கடும் ராக் இசைவகையின் உறுமல் பாணிக் குரலும் மெல்லிசையும் ஒரே ஆல்பத்தில் இயல்பாக இணைய முடியுமா?

பதில்: முடியும். ஸ்வீடனின் ஓப்பெத் குழு 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பமே அதற்குச் சிறந்த சான்று. உறுமலையும் தெளிந்த குரலையும் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் ஒருவரே பாடுவதால், இரண்டும் ஒரே மனத்தின் சினமும் துயரமுமாக ஒலிக்கின்றன. தயாரிப்பில் துணைநின்ற இங்கிலாந்து இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன், பின்னணிக் குரலும் பியானோவும் வழங்கினார். பத்து நிமிடங்களைத் தாண்டும் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பாடலில், நிதானமான கிட்டார் மெட்டின்மேல் முதலில் இன்குரல் தவழ்ந்து, நடுப்பகுதியில் உறுமல் மூண்டு, இறுதியில் தொடக்க மெட்டே திரும்பி வருவதைக் கவனியுங்கள். அந்த மாற்றங்கள் எங்கும் ஒட்டுப்போட்டவையாகத் தெரிவதில்லை. உறுமல் பழகாதவர்கள், அது அறவே இல்லாத 'ஹார்வெஸ்ட்' பாடலிலிருந்து தொடங்கலாம்.