வாங்கும் முன் கேளுங்கள்: பாலைவனப் பூ விதைகள்

கேள்வி (மேசா, அரிசோனா): தேனீ வரட்டும் என்று மே மாதம் தள்ளுபடியில் காட்டுப்பூ விதை நாலு பாக்கெட் வாங்கித் தூவினேன். தினமும் தண்ணீர் விட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். நாம் இருக்கும் சொனோரன் பாலைவனத்தில் இவற்றை விதைப்பது அக்டோபர், நவம்பரில். குளிர்கால மழையில் வளர்ந்து வசந்தத்தில் பூக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கியிருக்கலாம்.

கேள்வி (சாண்ட்லர்): 'தேனீ, வண்ணத்துப்பூச்சிக் கலவை' என்று பெரிய டப்பாவில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். உள்ளங்கையில் கொட்டி ஊதினால் தூளெல்லாம் பறந்துபோய் ஏழெட்டு விதைதான் தங்கியது. முளைத்ததும் கார்ன்ஃப்ளவர், ஐரோப்பிய வயல்களின் பூ. வெயில் ஏறியதும் கருகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொடி விதையைப் பரவலாகத் தூவ ஏதாவது கலக்கத்தான் வேண்டும். அதற்கு நம் வீட்டு மணல் போதுமே, சக்கையை ஏன் விதை விலைக்கு வாங்க வேண்டும்? லேபிளில் தூய்மை 80%, முளைப்புத்திறன் 50% என்றிருந்தால், டப்பாவில் 80% தான் விதை, அதில் பாதிதான் முளைக்கும்; நீங்கள் கொடுக்கும் காசில் 40% தான் உயிருள்ள விதைக்குப் போகிறது. இந்த இரண்டு எண்களும், சோதித்த தேதியும், ஒவ்வொரு செடியின் தாவரவியல் பெயரும் போடாத டப்பாவைத் தொடாதீர்கள். பாலைவன மேரிகோல்டு, மெக்சிகன் தங்கப் பாப்பி, பாரி பென்ஸ்டிமன், குளோப்மாலோ என்று இந்தப் பாலைவனத்துப் பூக்களின் விதையைத் தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். குளோப்மாலோ பூத்தபின் விடிகாலையில் எட்டிப் பாருங்கள். அந்த ஆரஞ்சுக் கிண்ணத்துக்குள் ஆண் தேனீ ஒன்று உடம்பெல்லாம் மகரந்தத்தோடு சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி (டூசான்): 'பூச்சிமருந்து படாத செடி' என்று நர்சரியில் சொன்னதை நம்பி மூன்று மில்க்வீட் (வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் தின்னும் பால்செடி) வாங்கினேன். குயீன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்ற இரண்டே நாளில் செத்துவிட்டன. 'வளர்த்து அனுப்பியவர் அடித்திருப்பார், எங்களுக்குத் தெரியாது' என்கிறார்கள்.

பதில்: உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா, கேட்டுத்தானே வாங்கினீர்கள். தெரியாதவர்கள் 'படாதது' என்று எப்படிச் சொன்னார்கள்? நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்தென்றால் வேர்வழி ஏறி இலை, மகரந்தம், பூந்தேன் வரை ஊறிவிடும், கழுவினாலும் போகாது. பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கார்டில் வாங்கியிருந்தால், சொன்னபடி பொருள் இல்லை என்று வங்கியிடம் ஆட்சேபம் எழுப்புங்கள். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் அனுப்பலாம். பில்லையும் செடிகளையும் தூக்கிப் போடாதீர்கள். செடிமேல் இன்றே வலை போட்டு மூடுங்கள், இன்னொரு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட்டுவிடக் கூடாது.

கேள்வி (கில்பர்ட்): நல்ல விதை, நவம்பரில்தான் விதைத்தேன். ஆனாலும் முளைக்கவில்லை. செப்டம்பரில் தோட்டக்காரர் களை வராமலிருக்க, தோட்டத்தில் பரப்பியிருக்கும் ஜல்லிமேல் மருந்து தெளித்தார். அதனாலா?

பதில்: அதனால்தான். அது களை விதையைப் போலவே பூ விதையையும் முளைத்து வரவிடாது. அடுத்த வருடம் பூவுக்கென்று ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, அங்கே தெளிக்க வேண்டாமென்று கோடையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.